இங்கிலீஷ்காரன் வயிற்றில் இருந்த பட்டு

இங்கிலீஷ்காரன் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்திருந்தான். துறைமுகக் கிடங்கின் கதவோரம், மாவு மூட்டைகளுக்கும் உறைமீன் பெட்டிகளுக்கும் நடுவில், அவனுக்கென்றே செய்த மரப்பெட்டிக்குள் படுத்திருந்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் கேலி எதையும் சொல்லாமல், கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நம்மாளு போய்ட்டான், இவன் வந்துட்டான் பாரு," என்றார் கடைசியில். எனக்கு, இந்தச் சுன்னேவாவுக்கு, வாய் கொஞ்சம் நீளம் என்று ருனாவீக் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு அவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இங்கிலீஷ்காரன் என்பது ஆள் இல்லை, கருவி. வளர்ந்த ஆட்டின் நீளம் இருக்கும். எஃகு உடம்பு, வாலில் துடுப்பு, மூக்கில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை. கப்பலின் பின்பக்கத்தில் கம்பிவடத்தில் கட்டிக் கடலில் இறக்கிவிட்டால் நீருக்கடியில் சமர்த்தாகக் கூடவே வருவான். மூக்கு வழியாகப் புகும் கடல் நீர் வயிற்றுக்குள் இருக்கும் பட்டுத் துணி வழியாக வடிந்து வெளியே போகும். நீரில் மிதக்கும் பூச்சிகளும் பாசியும் பட்டில் ஒட்டிக்கொள்ளும். கப்பல் போகப் போகப் பட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மேலே இன்னொரு பட்டால் மூடிக்கொண்டு, அழுகாமல் காக்கும் பார்மலின் மருந்து நிறைந்த தொட்டிக்குள் சுருண்டுகொள்ளும். அதை இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிரித்து, நறுக்கி, உருப்பெருக்கியில் வைத்து எண்ணுவார்கள். எந்தக் கடலில் எந்தப் பூச்சி குறைகிறது, எது வடக்கே ஏறி வருகிறது என்று அவர்களுக்குத் தெரிவது அப்படித்தான். இதற்கென்று தனிக் கப்பல் விட்டுக் கட்டுப்படியாகாது. எப்படியும் போய் வருகிற சரக்குக் கப்பல்களின் வாலில் கட்டிவிட்டால் மாலுமிகள் சும்மா செய்து தருவார்கள். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் விஸ்கி வரும், அவ்வளவுதான். கப்பலிலிருந்து பெட்டியை வாங்குவதும், இங்கிலாந்துக்கு அனுப்புவதும், புதுப் பட்டு போட்டு வருவதைக் கப்பலில் ஏற்றுவதும் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கும் என் வேலை.

வடக்கே நடுக்கடலில் இருக்கும் எங்கள் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு மீன் கொண்டுபோய் மாவும் தீவனமும் கொண்டுவரும் 'ரீத்தா' என்ற கப்பல்தான் அவனை இழுத்துப் போகும். ரீத்தா என்பது எங்கள் பாறைகளில் கூடு கட்டும் ஒரு கடற்பறவை. பறவை இப்போது குறைந்துவிட்டது. குஞ்சு பொரிக்கிறது, தீனி கிடைக்காமல் கூட்டிலேயே சாக விடுகிறது. காட் மீனும் அப்படித்தான் குறைந்தது. எங்கள் ஊர் ஹேயின் சின்ன வயதிலிருந்து மீன்பிடிப் படகில் இருந்தவன், மீன் போனபின் படகை விட்டுவிட்டு ரீத்தாவில் மேல்தள வேலைகளுக்குத் தலைவனாகச் சேர்ந்தான். அவன் மனைவி ரன்வாவுக்கு அதில் ஏக சந்தோஷம். சரக்குக் கப்பல்னா பஸ் மாதிரி, போவான், வருவான் என்று கடையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் தம்பி ஈவாரையும் அதே கப்பலில் சேர்த்துவிடச் சொல்லி ஹேயினை நச்சரித்ததும் அவள்தான். அக்கா புருஷனும் மச்சினனும் ஒரே கப்பலில், ஒரே அறையில்.

மற்ற மாலுமிகளுக்கு இங்கிலீஷ்காரன் ஒரு தொல்லை. ஹேயினுக்கு அப்படி இல்லை. எங்கள் கடலில் அரிசி அளவில் ஒரு செந்நிறப் பூச்சி உண்டு, சிவப்பு இரை என்போம். மீன் குஞ்சும் பறவையும் திமிங்கலமும் கடைசியில் அதைத் தின்றுதான் வாழ்கின்றன. அது எங்கே போயிற்று என்று இங்கிலீஷ்காரன் கண்டுபிடித்துச் சொல்வான் என்று ஹேயின் நம்பினான். கப்பல் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் என் ஆபீஸ் மேசையில் பாதி பிருஷ்டத்தை வைத்து உட்கார்ந்துகொண்டு, "என்ன சொல்றாங்க இங்கிலாந்துல? செவப்பு இரை வந்துச்சா?" என்பான். அங்கிருந்து வந்த மெயிலை நான் படித்துச் சொல்வேன். பெரும்பாலும் குறைவு என்றுதான் இருக்கும். "சரி, அடுத்த தடவை பாப்போம்," என்று சொல்லிவிட்டு என் பிஸ்கட்டை எடுத்துத் தின்றபடி போவான்.

ரீத்தா ஒரு மாதம்கூட இங்கிலீஷ்காரனை இழுக்காமல் விட்டதில்லை. ஹேயின் பிறப்பதற்கு முன்னால், பழைய ரீத்தா இருந்த காலத்திலிருந்தே அப்படி. கப்பலின் சாப்பாட்டு அறையில் அதற்கு, வருஷக் கணக்கு பொறித்த ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருக்கிறது. மற்றக் கப்பல்கள் புயலில் கம்பியை வெட்டி இங்கிலீஷ்காரனைக் கடலுக்குக் கொடுத்திருக்கின்றன, ரீத்தா கொடுத்ததில்லை. வடம் சுற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு பெட்டி இருக்கும். ஆபத்து என்றால் திறந்து, உள்ளே இருக்கும் வெட்டும் கருவியால் கம்பியைத் துண்டிக்க வேண்டும். அதை யாரும் திறந்ததே இல்லை. ஹேயின் வருஷா வருஷம் வசந்தத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்தப் பெட்டிக்கும் சேர்த்து அடிப்பான். பூசிப் பூசி மூடியும் பெட்டியும் ஒன்றாகிவிட்டன. அதுவே கப்பலில் ஒரு வேடிக்கை. புதிதாகச் சேருகிறவனிடம் "போய்ச் செவப்புப் பெட்டியைத் தொற பாப்போம்," என்று சொல்லி அவன் நகத்தை உடைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நடந்தது இதுதான். மார்ச் மாதம், இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழி. தீவுகள் நெருங்கிவிட்டால் கடல் ஆழம் குறையும், அதற்கு முன் இங்கிலீஷ்காரனை மேலே எடுத்துவிட வேண்டும். தென்மேற்கிலிருந்து கடல் எழும்பியிருந்தது. கப்பலை ஓட்டும் மேடையிலிருந்து கேப்டன் யாக்குப், "இந்தத் தடவை விட்டுடலாமா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டிருக்கிறார். ஹேயின்தான், "ஒரு மாசம்கூட விட்டதில்ல, எடுத்துடலாம்," என்றிருக்கிறான். அவனும் ஈவாரும் பின்தளத்துக்குப் போனார்கள். ஈவார் இயந்திரத்தில் நின்றான். ஹேயின் வடம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஓரத்துக்குப் போனபோது பின்னாலிருந்து ஓர் அலை ஏறி வந்து இறங்கியது. இறங்கியபோது ஹேயின் தளத்தில் இல்லை.

ஈவார் மிதவை வளையத்தை வீசினான். கத்தினான். யாக்குப் வயர்லெஸ்ஸில், "வெட்டு, வெட்டு," என்றார். கம்பி வெளியே கிடக்கும்வரை கப்பலைத் திருப்ப முடியாது. நிறுத்தவும் முடியாது, வேகம் குறைந்தால் கம்பி தொங்கிக் கப்பலைத் தள்ளும் சுழலியில் சுற்றிக்கொள்ளும், அப்புறம் பாறைகளில் மோதி எல்லோரும் சாக வேண்டியதுதான். வெட்டினால் உடனே திருப்பலாம். ஈவார் வெட்டவில்லை. நெம்புகோலை இழுத்து, எப்போதும் செய்வதுபோல வடத்தைச் சுற்ற ஆரம்பித்தான். அத்தனை வருஷமும் எந்தச் சிக்கல் வந்தாலும் அந்தக் கை செய்தது அதைத்தான். இங்கிலீஷ்காரன் சொட்டச் சொட்ட மேலே வந்து அவனுக்கான இரும்புத் தொட்டிலில் உட்கார்ந்த பிறகு "எடுத்தாச்சு" என்று சொன்னான். அப்போதுதான் ரீத்தா திரும்பியது. ஹெலிகாப்டர் வந்தது, மீன்பிடிப் படகுகள் வந்தன. வளையம் மட்டும் கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் கடல் சாவுச் செய்தியைப் பாதிரியார்தான் நடந்து வந்து சொல்ல வேண்டும். போனில் சொல்வதில்லை. அதனால் ஞாயிறல்லாத ஒரு நாளில் அவர் கறுப்புக் கோட்டோடு மேட்டுப் பாதையில் ஏறினால் எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரு முகம் தெரியும். எந்த வாசலில் திரும்புகிறார் என்று பார்ப்போம். நானும் பார்த்தேன். ரன்வா வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தன் வேலிக் கதவுக்கு வருவதைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். எங்கள் ஊரில் பகலில் யாரும் தாழ் போடுவதில்லை. பாதிரியார் ஆப்சலோன் பனிமழையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவள் குரல் என் வீடுவரை கேட்டது. "இந்த வீடு இல்ல பாதிரியாரே. நல்லா விசாரிச்சிட்டு வாங்க. இவன் சரக்குக் கப்பல்ல இருக்கான்." நான் பின்வாசல் வழியாகப் போய்த்தான் அவளைப் பிடித்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் இரண்டு துணிக் கிளிப் இருந்தது.

தேவாலயத்தில் பிரார்த்தனை வைத்தார்கள். சவப்பெட்டி இல்லாததால் ஹேயினின் போட்டோவை வைத்தார்கள். ஈவார் கடைசி வரிசையில் இருந்தான். விசாரணைக்கு வந்தவர்கள், அந்தக் குளிரில் எப்படியும் பிழைத்திருக்க மாட்டான் என்றார்கள். சிவப்புப் பெட்டியை அவர்கள் உளி வைத்துத்தான் திறந்தார்கள் என்பதும் ஊருக்குத் தெரிந்தது. அதைச் சொல்லித்தான் எல்லோரும் ஈவாரைத் தேற்றினார்கள். தேற்றினார்கள் என்றால் அந்த ஒரு பேச்சுதான். அவன் கோப்பை காலியாகும் முன் காபி ஊற்றினார்கள். ரன்வா மட்டும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. அவன் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

இங்கிலீஷ்காரனின் மரப்பெட்டி கிடங்குக்கு வந்த மறுநாள் ரன்வா ஆபீஸுக்கு வந்தாள். காபி ஊற்றி வைத்தேன், ருபார்ப் கீரைத்தண்டு ஜாம் தடவிய ரொட்டியை நகர்த்தினேன். எதையும் தொடவில்லை. ஹேயின் உட்காரும் மேசை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ்காரன் வந்துட்டானா?"

"வந்துட்டான்."

"அதுக்குள்ள ஒரு துணி இருக்கும்ல. கடல் அதுல ஒட்டிக்கும்னு ஹேயின் சொல்லுவான்."

"ஆமா."

"அவன் விழுந்த எடத்துத் தண்ணி?"

கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் கருவி வந்துகொண்டிருந்தது. பொய் சொல்லத் தோன்றவில்லை. "அதுவும் இருக்கும்," என்றேன்.

"அந்தத் துண்ட எனக்குக் குடு. பொதைக்கணும்."

நான் அவளை இந்த ஊரில் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். ஆடு வெட்டும்போதும் சரி, அம்மாவை அடக்கம் செய்தபோதும் சரி, குரல் உயராத பெண். அப்போதும் உயரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் பேசியாகிவிட்டதாம். தச்சர் குழந்தைகளுக்குச் செய்யும் சின்னச் சவப்பெட்டி ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார், வேண்டாம் என்றுவிட்டாளாம். "அது பெருசு. உள்ள கெடந்து ஆடும்," என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, திறந்திருந்த கோப்பு ஒன்றை எடுத்து மூடினேன்.

முதலில் பாதிரியாரைப் பார்த்தோம். ஆப்சலோன் நல்ல மனிதர், ஆனால் எதையும் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவார். கடலே ஒரு கல்லறைதான், ஆண்டவருக்கு இடம் தெரியும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர், "அந்தத் துணியில ஹேயின் இல்ல, ரன்வா," என்றார்.

"கடல் இருக்குல்ல."

"இருக்கு."

"கடல்ல அவன் இருக்கான்."

ஆப்சலோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை பிரார்த்தனை முடிஞ்சதும் வச்சுக்கலாம்," என்றார்.

அதற்குள் யாக்குப் காதுக்குச் செய்தி போய்விட்டது. கப்பல் துறைமுகத்தில்தான் கட்டியிருந்தது. கேப்டன் கிடங்குக்கு வந்து மரப்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் இரண்டே வாரத்தில் சட்டைக்குள் சின்னதாகிவிட்டிருந்தார். "அனுப்பிடு சுன்னேவா. ஒரு மாசம் விட்டதில்ல நாம. அவன் அதுக்காகத்தான..."

"அதுக்காக இல்ல யாக்குப். பழக்கத்துக்காக," என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் வெளியே போய், மழையில் கப்பலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். ஆனால் எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. அந்தப் பித்தளைத் தகட்டின் மேல் இருந்தது. என் மேலும் கொஞ்சம் இருந்தது. வருஷா வருஷம் அந்தத் தகட்டில் புது எண்ணைப் பொறிக்க ஆள் ஏற்பாடு செய்கிறவள் நான்தானே.

இங்கிலாந்துக்குப் போன் போட்டேன். பட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ப்ரையர் என்பவரோடு வருஷக் கணக்காக மெயிலில் பழக்கம், குரல் கேட்டதில்லை. நடந்ததை அவர் அறிந்திருந்தார். துணியைக் கேட்டேன். மெதுவாகச் சொன்னார். அவர்களிடம் வந்த பட்டு எதையும் இதுவரை வெளியே கொடுத்ததில்லை, ஒரு துண்டுகூட. முதன்முதலில் இழுத்த பட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. ஒன்றைக் கொடுத்தால் அந்தத் தொடர் அறுந்துபோகும். எங்கள் கடலில் என்ன நடக்கிறது என்பதற்கு அந்தத் தொடரை விட்டால் வேறு சாட்சி இல்லை. எனக்குப் புரிந்தது. நான் நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"பெட்டி இன்னும் எங்க கைக்கு வரலையே?" என்றார் அவர்.

"இல்ல. இங்க என் கிடங்குலதான் இருக்கு."

"வழியில சில சமயம் சேதமாகும்," என்றார் ப்ரையர். "எல்லா வருஷமும் ஒன்னு ரெண்டு அப்படி ஆகும். நாங்க ஏன்னு கேக்கிறதில்ல." பிறகு, அந்த அம்மாவுக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள் என்றார். அவர் சொல்ல வந்தது புரிந்தது; போனை வைத்தேன்.

சனிக்கிழமை கிடங்கில் வேலை இல்லை. பெரிய கதவை முழுக்கத் திறந்து வெளிச்சம் விட்டேன். மருந்து நெடி போகவும் காற்று வேண்டும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, மீன் வெட்டும் நீள மேசையைத் தயார் செய்தேன். இங்கிலீஷ்காரனின் வயிற்றுப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவன் இல்லை. ஈவாரை நான்தான் வரச் சொன்னேன். அக்காவும் வருவாள் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன்.

அவன் முன்னாடியே வந்துவிட்டான். இருபத்தைந்து வயதுக்காரன், தாடியை மழிக்காமல் விட்டிருந்தான். கையுறை போட்டுக்கொண்டு திருகுகளைக் கழற்றியபடியே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"செவப்புப் பெட்டி ஒட்டியிருந்துச்சு, உன்னால தொறந்திருக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நெஜம்தான. உளி வச்சுல்ல தொறந்தாங்க."

"நான் அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பியே பாக்கல, சுன்னேவா. வெட்டுன்னு கேட்டுச்சு. நல்லாத்தான் கேட்டுச்சு. கை இழுத்துக்கிட்டு இருந்துச்சு." ஒரு திருகை மேசையில் வைத்தான். "பெயிண்ட் மச்சான் அடிச்சது. அவன் மேல பழியைப் போட்டுத் தப்பிச்சிக்கச் சொல்றாங்க என்னை."

நானும் மற்றவர்களைப் போலவே ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினேன். அவன் குடிக்கவில்லை.

ரன்வா வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் கறுப்பு உடுப்பு. கையில் கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பா ஒன்று, அதற்குள் ஹேயினின் பழைய கம்பளிச் சட்டையை மடித்து வைத்திருந்தாள். தம்பி இருப்பதைப் பார்த்தாள். இந்தத் தடவை அடுத்த அறை எதுவும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஈவார் சுருளை வெளியே எடுத்து மேசையில் விரித்தான். பார்மலின் நெடி சுரீரென்று ஏறியது. மூன்று பேருக்கும் கண்ணில் நீர் கொட்டியது. யார் அழுதோம், யாருக்கு மருந்து எரிந்தது என்று யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. மேல் பட்டை மெல்ல உரித்தான். இங்கிலாந்துக் கரையில் தொடங்கும் இடத்தில் துணி வெளுப்பாக இருந்தது. நடுவில் இளம்பச்சைக் கறை. எங்கள் தீவுகளை நெருங்க நெருங்கப் பட்டில் செம்மண் தூவினதுபோல் புள்ளிகள். நான் குனிந்து பார்த்தேன். சிவப்பு இரை. இந்த வருஷம் வந்திருந்தது. நிறையவே வந்திருந்தது. ஹேயின் பார்த்திருந்தால் என் டப்பாவில் இருந்த பிஸ்கட் அத்தனையையும் தின்றுவிட்டுத்தான் போயிருப்பான். எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நாள் கேட்டுக் கேட்டுப் போனவன், பதில் வந்த அன்றைக்கு இல்லை.

"வந்திருக்கு," என்று மட்டும் சொன்னேன். ரன்வா தலையசைத்தாள். அவளும் மீனவன் மகள்தான், எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

"எந்த எடம்?" என்று கேட்டாள். தம்பியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

ஈவார் பட்டின் ஓரத்தில் அச்சடித்திருந்த எண்களைப் பார்த்தான். கப்பலின் பாதையை மனதுக்குள் போட்டுப் பார்த்தான். உதடு அசைந்தது. கடைசி முனைக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் விரலை வைத்தான். "இங்க."

"துணி இங்க முடியலையே. இதுக்கப்புறமும் இருக்கே. இது என்ன?"

அந்த மிச்சத் துணி ஒரு விரல் அகலம் இருக்கும். அந்தச் சின்ன இடைவெளியிலும் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கிடங்கின் தகரக் கூரையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கே விடை தெரிந்துவிட்டது; கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வராதா என்று நினைத்தேன்.

"அது நான் இழுத்துக்கிட்டு இருந்த நேரம்," என்றான் ஈவார். "கப்பல் போய்க்கிட்டே இருந்துச்சுல்ல. துணியும் ஓடிருக்கு."

ரன்வா கையுறை இல்லாத விரலை அந்த இடைவெளியின் மேல் வைத்தாள். மருந்து தோலைச் சுடும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சரியாக அந்த விரல் அடங்கும் அளவுதான் இருந்தது.

"இவ்வளவுதானா," என்றாள்.

"அக்கா, பெட்டி ஒட்டியிருந்துச்சுன்னு சொல்றது..."

"தெரியும். அவன்தான பெயிண்ட் அடிச்சான்." விரலை எடுக்கவில்லை. "நீ தொறந்து பாத்தியா?"

"இல்ல."

"ம்."

நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த கத்தரிக்கோலை அவள் பக்கம் நீட்டினேன். வாங்கினாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி, மேசைக்குக் குறுக்கே தம்பியிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு வெட்டல," என்றாள். குரல் உயரவே இல்லை. "இன்னைக்கு வெட்டு."

ஈவார் வாங்கிக்கொண்டான். அவனுடைய பெரிய விரல்கள் அந்த ஆபீஸ் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழையவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி நுழைத்தான். ஹேயின் போன இடத்துக்கு நேராக, அந்தக் கோட்டில், கத்தரிக்கோலைத் திறந்து வைத்தான். மேசை விளிம்பிலிருந்து மருந்து ஒவ்வொரு சொட்டாக அவன் பூட்ஸ் மேல் விழுந்துகொண்டிருந்தது. அலகுகள் பட்டின் இரண்டு பக்கமும் நின்றன. அவற்றை ஒட்டி அக்காவின் விரல் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.